தவக்காலத்து உப்புக்கண்டம்

மார்ச் 3, திங்கள்

நாளை மறுநாள் சாம்பல் புதன். அதன்பிறகு ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்டில் கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டைகூடக் கிடையாது. எங்கள் தெருவில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை மட்டும் சுத்தபோசனம் இருந்துவிட்டு மற்ற நாளெல்லாம் கோழி தின்கிறார்கள். கேட்டால் கோயில் சாமியாரே அது போதும் என்று சொல்லிவிட்டாராம். அவருக்கென்ன, சொல்லுவார்.

இன்றைக்கே கறி எடுத்து உப்புக்கண்டம் போட்டாயிற்று. ஈஸ்டருக்கு மகன் பென்னி குடும்பத்தோடு பெங்களூரிலிருந்து வருகிறான். அவனுக்கு இட்லியோடு வறுத்த உப்புக்கண்டம் இருந்தால் போதும். என் மருமகள் அவனுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊற்றி வளர்க்கிறாள்.

கறிக்கடைக்காரன் கொழுப்பை உள்ளே தள்ளி எடை போடப் பார்த்தான். இந்தப் பிலோமினாவிடம் நடக்குமா? கொழுப்பு இருந்தால் உப்புக்கண்டம் சிக்கு வாடை பிடித்துவிடும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன! கறியை மெலிசாக அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது பிசறி, கோணி ஊசியில் நூல் கோத்து மாலையாகக் கட்டி மொட்டை மாடிக் கொடியில் தொங்கவிட்டேன். காக்காய்க்கும் ஈக்கும் பயந்து மேலே பழைய கொசுவலை.

லில்லிபுஷ்பமும் கூட உட்கார்ந்து கோத்தாள். லில்லி என் வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோயில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டியவள். அவர் போனபிறகு இந்த வீட்டில் நானும் அவளும்தான். ஒரு துண்டு கோக்க ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம். அவள் ஒரு மாலை முடிப்பதற்குள் நான் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தோம். லில்லி சாம்பல் கலைந்துவிடும் என்று மதியம்வரை முகம் கழுவவில்லை. சாமிக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?

பென்னி போன் செய்தான். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தேன் அல்லவா, அதிலிருந்து அவனுக்கு ஒரே பாட்டுத்தான். "வயசான ரெண்டு பொம்பளைக, கேஸ் அடுப்பு, மாடிப்படி... எனக்கு இங்க தூக்கம் வர மாட்டேங்குதும்மா. ஈஸ்டருக்கு வந்து பாப்பேன். ஏதாச்சும் சரியில்லன்னா வீட்டப் பூட்டிட்டு நீ என்கூட வந்துரணும்."

"உன் அத்தை?"

"அத்தைக்கு மடத்து முதியோர் இல்லத்துல இடம் கேட்டிருக்கேன். சிஸ்டர்ஸ் நல்லாப் பாத்துக்குவாங்க."

லில்லிக்குப் பொருத்தமான இடம்தான். நாள் முழுக்க செபம் செய்யலாம். ஆனால் நான் ஏன் என் அடுப்படியை விட்டுவிட்டு பெங்களூரில் அவனுடைய பதினோராவது மாடியில் போய் உட்கார வேண்டும்? என்னிடம் என்ன சரியில்லையாம்? வரட்டும். வந்து என் உப்புக்கண்டத்தைத் தின்றுவிட்டுச் சொல்லட்டும்.

மார்ச் 8, சனி

நல்ல வெயில். கறி விறகு மாதிரி ஆகிவிட்டது. கையில் எடுத்து ஒடித்தால் டக்கென்று சத்தம். மாமியார் காலத்தில் ஜாடியில் போட்டு வாயில் துணி கட்டி வைப்போம். இந்தத் தடவை பென்னி வாங்கி அனுப்பிய டப்பாவில் வைத்தேன். நாலு பக்கமும் கிளிப், மூடினால் எறும்புகூட நுழையாது. அவன் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவானே.

வெயிலிலிருந்து எடுத்துவந்து அப்படியே போட்டு மூடினேன். உடனே லில்லி வந்துவிட்டாள். "மதினி, சூடா இருக்கு. ஆறட்டும். இப்ப மூடுனா உள்ள வேர்க்கும்."

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது இவள் தாவணி போட்ட பிள்ளை. எனக்குச் சொல்லித் தருகிறாள்! நான் அவள் முன்னாலேயே கிளிப்பை ஒவ்வொன்றாக அழுத்தினேன்.

மார்ச் 11, செவ்வாய்

காபித்தூள்காரன் மரத்தூளைக் கலக்கிறான். கடையை மாற்ற வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதை. எங்கள் பங்குக் கோயிலில் அவ்வளவு காணிக்கை விழுகிறது, தூபத்துக்குக் கொஞ்சம் சாம்பிராணி போட மனசு வரவில்லை. வெறும் புகை. பக்கத்தில் லில்லி கண்ணை மூடிக்கொண்டு, "என்னா மணம் மதினி!" என்று உருகினாள். பக்தி முற்றினால் மூக்குக்கும் பிரமை வரும் போலிருக்கிறது.

திரும்பும்போது மல்லிகை வாங்கினேன். அதுவும் சக்கை. இப்போதெல்லாம் மருந்தடித்தே பூவின் உயிரை வாங்கிவிடுகிறார்கள்.

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். பாயசம் வைத்தேன். நான் அடுப்படிப் பின்வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், லில்லி கூடத்திலிருந்து "தீயுது, தீயுது" என்று ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். கூடத்தில் இருந்தவளுக்குத் தெரிந்தது, அடுப்படி வாசலில் இருந்த எனக்குத் தெரியவில்லை என்று ஒரு பார்வை வேறு. கீரையில் புழு இருந்தது, கவனமெல்லாம் அதில் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

இவள் இப்போது ஒரு புதுப் பழக்கம் பிடித்திருக்கிறாள். தண்ணீர் குடிக்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன் என்று அடுப்படிக்குள் வந்துகொண்டே இருக்கிறாள். வந்தால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? அடுப்புத் திருகைத் தொட்டுப் பார்ப்பாள், சிலிண்டர் பக்கம் குனிந்து நிற்பாள். ஒரு நாள் கேட்டேவிட்டேன், "அங்க என்ன புதையலா இருக்கு?" என்று. சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சிரிப்பு வேறு.

மார்ச் 23, ஞாயிறு

உப்புக்கண்டத்தை வெயில் காட்ட டப்பாவைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். துடைத்துவிட்டுக் கறியை முறத்தில் பரப்பினேன். அடியில் இருந்த துண்டுகளில் லேசாக வெள்ளை. உப்புப் பூத்திருக்கிறது. உப்புப் போட்ட பொருளில் உப்புப் பூக்காமல் சீனியா பூக்கும்?

மூன்று மணிக்கு இடி. காய்ந்தும் காயாமலும் வாரிக்கொண்டு கீழே ஓடிவந்தேன். பங்குனியில் என்ன மழை? வானத்துக்கும் புத்தி கெட்டுவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

தொடர்ந்து மேக மூடாக்கு. துணியே காயவில்லை.

லில்லி சொல்கிறாள், ஃபிரிட்ஜில் மேல் அறையில் வைத்துவிடலாமாம். உப்புக்கண்டத்தை ஃபிரிட்ஜில் வைப்பதற்கு நான் ஏன் உப்புப் போட வேண்டும், ஏன் வெயிலில் காய வேண்டும்? பச்சைக் கறியை வாங்கி உள்ளே தள்ளிவிட்டு சிவனே என்று இருந்திருக்கலாமே. கரண்ட் போய்ப் போய் வந்தால் அதுவும் இளகி இளகி இறுகும். இதை எல்லாம் யோசிக்க மாட்டாள். வாய் மட்டும் உண்டு.

ஏப்ரல் 6, ஞாயிறு

சண்டை.

இன்று வெயில் அடித்தது. டப்பாவை மாடிக்கு எடுத்துப்போய்த் திறந்தேன். பின்னாலேயே வந்த லில்லி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"மதினி, வாடை அடிக்குது."

"உப்புக்கண்டம்னா வாடை அடிக்காம அத்தரா மணக்கும்?"

"அந்த வாடை இல்ல மதினி. புழுங்கின வாடை. ஊசுன வாடை. நீங்க மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். நன்றாக இழுத்துத்தான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். அந்த நிறுத்தல்தான் எனக்கு ஆத்திரம். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!

"என் மகன் என் கைப்பக்குவத்தத் தேடி வர்றான்னு உனக்கு வயித்தெரிச்சல். நீ மோந்து சொல்லித்தான் நான் சமைக்கணுமாக்கும்? போ, போய்ச் செபமாலைய உருட்டு" என்றேன். போய்விட்டாள்.

மற்ற மாதமாக இருந்தால் ஒரு துண்டை வறுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு அவள் முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருப்பேன். தவக்காலத்தில் நாக்கில் படக்கூடாது. எப்போதும் மூக்கை வைத்துத்தான் இந்த நாற்பது நாளையும் ஓட்டுவோம்.

பக்கத்து வீட்டுப் பூனை மதில் வழியாக வந்தது. மீன் செதிலைக்கூட விடாத பூனை. ஒரு துண்டைத் தூக்கிப் போட்டேன். மோந்து பார்த்தது, என்னைப் பார்த்தது, போய்விட்டது. பூனையும் சுத்தபோசனம் இருக்கிறது போலும்.

ஏப்ரல் 9, புதன்

சிலிண்டர் மாற்ற வந்தவன் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறது என்றான். "இம்புட்டு நாளா வாடை வரலியாம்மா?" என்று என்னைக் கேட்டான். லில்லி முந்திக்கொண்டு, "வந்துச்சு தம்பி, அதான் நான் ரெகுலேட்டர அப்பப்ப மூடி வைப்பேன்" என்றாள். அவனிடம் எதற்கு இந்தக் கதையெல்லாம்?

ஏப்ரல் 12, சனி

நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு, லில்லி கோயிலுக்கு ஓலை கிழிக்கப் போயிருக்கிறாள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்து உப்புக்கண்டத்தை மாடியில் பரப்பினேன். வெள்ளை கூடியிருக்கிறது. சில துண்டுகளில் பச்சையாக இருக்கிற மாதிரியும் இருந்தது. வெயிலில் கண் கூசியது, சரியாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் துணியால் துடைத்து, மஞ்சளும் உப்பும் தடவித் திரும்பக் காயவைத்தேன். இப்போது பார்க்கப் புதிதுபோல இருக்கிறது.

ஒரு துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பிறகு கீழே வந்து சுக்கைத் தட்டி மோந்தேன். பெருங்காய டப்பாவைத் திறந்து மோந்தேன். விக்ஸ், வீட்டுக்காரர் சட்டை, மண்ணெண்ணெய்க் கேன்.

காய்ச்சலுக்குப் பிறகு கொஞ்சம் மூக்கடைப்பு இருக்கிறது. வெயில் நன்றாக ஏறினால் சரியாகிவிடும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கஞ்சி. மூன்று மணி வழிபாட்டில் சிலுவையை முத்தம் செய்ய முண்டியடித்தார்கள், ரேஷன் கடை தோற்றது.

பென்னி நாளை மாலை வருகிறான். பேத்தி ரியா போனில், "பாட்டி, எனக்கும் உப்புக்கண்டம் வேணும், காரமா இருக்கக் கூடாது" என்றாள். பால்பல் விழுந்த வாயால் எப்படிக் கடிப்பாள்? மிருதுவாக இடித்துக் கொடுக்க வேண்டும்.

லில்லியிடம் முதியோர் இல்லத்து விஷயத்தை பென்னி ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டானாம். எனக்குத் தெரியாது. அவள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னுடைய டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறாள். யார் துடைக்கச் சொன்னது?

ஏப்ரல் 19, பெரிய சனி

 நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நாளைக்குக் காலைப் பூசை முடிந்துவந்து சுடச்சுட எடுத்து வைக்க, இன்றே கொஞ்சம் உப்புக்கண்டத்தை ஊறவைத்து இடித்துத் தனியாக வறுத்தேன். ரியாவுக்கு. எண்ணெயில் போட்டதும் லில்லி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, பிள்ளைக்குக் குடுக்காதீக. கையெடுத்துக் கும்பிடுறேன்."

"அடுப்பு முன்னாடி நின்னு அபசகுனமாப் பேசாத."

"கெட்டுப்போச்சு மதினி. வீடெல்லாம் நாறுது. உங்களுக்குத்தான்..."

"எனக்குத்தான் என்ன? சொல்லுடி. எனக்குத்தான் என்ன?"

அவள் நேராக வந்தாள், தட்டில் வடியவிட்டிருந்ததில் ஒரு துண்டை எடுத்தாள், வாயில் போட்டு மென்றாள்.

 ஏழு வயதிலிருந்து ஒரு தவக்காலத்திலும் சுத்தபோசனத்தை முறிக்காதவள். டைபாய்டில் கிடந்தபோது டாக்டர் கறி சூப் குடிக்கச் சொல்லி, முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள். அவளுடைய அண்ணன் இறந்ததும் ஒரு தவக்காலத்தில்தான். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிட்ட பிறகும் வெறும் மோர் குடித்தவள். இன்னும் ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி பாக்கி. கறியை மென்றுகொண்டு என் முன்னால் நிற்கிறாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர்.

பின்வாசலுக்கு ஓடித் துப்பினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சொன்னாள்: "மூக்கால சொன்னா நம்பல. இப்ப நாக்கால சொல்றேன். இது விஷம் மதினி. பிள்ளைக்கு வேணாம்."

நான் அடுப்பை அணைத்தேன். 

வறுத்ததையும் டப்பாவில் இருந்ததையும் அவளே கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் ஆழமாகக் குழி வெட்டி, நாய் தோண்டாமல் சுண்ணாம்பு தூவி மூடினாள். நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் அவளுக்கு இரண்டு தரம் வாந்தி. ஓம வாட்டர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள்.

ஆறு மணிக்கு பென்னி வந்தான். வந்ததும் வராததுமாக, "உப்புக்கண்டம் எங்கம்மா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் லில்லி சொன்னாள்: "நான்தாம்ப்பா காயப்போட்டுட்டு மறந்துட்டேன். நாய் தூக்கிட்டுப் போயிருச்சு."

"என்ன அத்தை நீங்க..." என்று சலித்துக்கொண்டான். பிறகு அவள் அந்தப் பக்கம் போனதும் என் காதருகில், "பாத்தியாம்மா? அத்தைக்கு ஞாபகமெல்லாம் போச்சு. அதுக்குத்தான் மடத்துல சொல்லி வச்சேன். திங்கக்கிழமையே கூட்டிட்டுப் போய் விட்டுர்றேன். நீ நல்லாத்தான் இருக்க. நீ வேணா இங்கயே இரு, சமையலுக்கு ஒரு ஆள் போட்டுக்கலாம்" என்றான்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. வீடும் அடுப்படியும் எனக்கே.  அவனுக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றான்.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

காலைப் பூசை. பாடகர் குழு அல்லேலூயாவைக் கொலை செய்தது. கோயிலில் பட்டுச்சேலைக் கண்காட்சி. அதைப் பற்றியெல்லாம் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் இன்றைக்கு வேண்டாம்.

நன்மை வாங்கும் நேரம், சாமியார் கையால் அப்பம் வாங்கும் நேரம் வந்தது. எங்கள் பங்கில் நன்மை வரிசையில் முதல் ஆள் எப்போதும் லில்லிதான். சாமியார் பீடத்தைவிட்டு இறங்குவதற்கு முன்னால் இவள் போய் நின்றுவிடுவாள். நானே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன், பந்திக்கு முந்துகிற மாதிரி என்று. இன்றைக்கு அவள் எழுந்திருக்கவில்லை. முழந்தாளில் இருந்தபடி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஊரே பார்த்தது. முன்வரிசையில் மாதா சபைப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்தார்கள். லில்லிபுஷ்பமே நன்மை வாங்கவில்லை என்றால் என்ன பாவம் செய்தாளோ என்று ஒரு வாரத்துக்குப் பேச அவர்களுக்குத் தீனி கிடைத்துவிட்டது.

பென்னி குனிந்து கேட்டான். "என்னம்மா, அத்தை போகல? பூசையும் மறந்துபோச்சா?"

எனக்கு எங்கிருந்து வந்தது அந்தக் கோபம் என்று தெரியவில்லை. அவன்மேல் கோபம், முன்வரிசைமேல் கோபம், எல்லாவற்றையும்விட எனக்கு என்மேல் கோபம்.

"அவளுக்கு ஒண்ணும் மறக்கல. நாயும் வரல, நரியும் வரல" என்றேன். மெல்லச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். என் குரல் என்றைக்கு மெல்ல வந்தது? "உப்புக்கண்டத்தக் கெடுத்தது நான். சூட்டோட மூடி வச்சேன். பூசணம் பிடிச்சுது, தொடச்சுத் தொடச்சு வச்சேன். எனக்கு மூக்கு செத்துப்போச்சுடா. கிறிஸ்துமஸ் காய்ச்சலோட போச்சு. கேஸ் கசிஞ்சாலும் தெரியாது, பால் தீஞ்சாலும் தெரியாது. உன் பிள்ளை வாயில அந்த விஷத்த வச்சிருப்பேன். அவ தின்னு பாத்து எறிஞ்சா. அதுக்குத்தான் இப்ப குத்தவாளி மாதிரி உக்காந்திருக்கா."

லில்லி முக்காட்டை விலக்கி என்னைப் பார்த்தாள். "மதினி, கோயில்ல..." என்றாள்.

"கோயில்லதான் சொல்லணும். எந்திரி. போய் நன்மை வாங்கு. நீ ருசிக்குத் திங்கலன்னு சாமிக்குத் தெரியும். தெரியலன்னா அவரும் ஒரு சாமியா? எந்திரிடி!"

எழுந்தாள். வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றாள். நான் போகவில்லை; நான் முதலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அது நீளமாக இருக்கும்.

பென்னி அவள் போவதைப் பார்த்தான். பிறகு, "அப்ப நீ தனியா இருக்க முடியாதும்மா" என்றான். 

"முடியாது."

"பெங்களூருக்கு வந்துர்றியா?"

"வர்றேன். டிக்கெட் போடுறதா இருந்தா ரெண்டு போடு. மடத்துல இடம் கேக்குறதா இருந்தாலும் ரெண்டு கேளு. இல்ல, இங்கயே இருக்கச் சொன்னாலும் ரெண்டு பேரும்தான் இருப்போம். அவ மூக்கு இருக்குற எடத்துலதான் என் அடுப்பு எரியும்."

முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் பார்த்தேன்.